சுட மறுத்த காலை

1917 பிப்ரவரி 27, திங்கட்கிழமை, விடியும் நேரம். அன்றைய ரஷ்யத் தலைநகர் பெத்ரோகிராடில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) வோலின்ஸ்கி ரெஜிமென்ட்டின் பயிற்சிப் பிரிவு முகாமுக்குள் வரிசையாக நிற்கிறது. முந்தின நாள் ஸ்னாமென்ஸ்கயா சதுக்கத்தில் திரண்ட கூட்டத்தைச் சுட்டு, நாற்பது பேரளவில் சாய்த்தவர்கள் இவர்கள்தான். இரவு யாருக்கும் தூக்கம் இல்லை. திமோஃபெய் கிர்ப்பிச்னிகோவ் என்ற சார்ஜன்ட், சக சார்ஜன்ட்களைக் கூட்டி வைத்துப் பேசியிருந்தார். விடிந்தால் மறுபடியும் அதே உத்தரவு வரும், நாம் போகப் போவதில்லை என்று முடிவாகியிருந்தது. கேப்டன் லாஷ்கெவிச் உள்ளே வந்து வழக்கம்போல் வணக்கம் சொன்னார். வழக்கமான பதில் வரவில்லை. 'ஹுர்ரா' என்று கத்தினார்கள். ஜார் அனுப்பிய தந்தியை எடுத்து வாசித்துப் பார்த்தார், எடுபடவில்லை. வெளியே போகச் சொன்னார்கள். முற்றத்தைக் கடக்கும்போது அவர்மேல் குண்டு பாய்ந்தது.

அதிகாரியைக் கொன்ற படைக்கு அதற்குமேல் வீடு திரும்பும் வழி கிடையாது. ஊரே கலகம் செய்தால்தான் அது புரட்சி; தாங்கள் மட்டும் செய்தால் அது தூக்குமேடை. பக்கத்து முகாம்களுக்கு ஓடினார்கள். ப்ரியோப்ரஜென்ஸ்கி, லித்துவேனிய ரெஜிமென்ட்கள் சேர்ந்துகொண்டன. இருட்டுவதற்குள் 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்கள் தெருவில் இருந்தார்கள். அந்த வாரம் முடிவதற்குள், 1613இல் தொடங்கிய ரொமானோவ் அரச வம்சம் முடிந்துபோனது.

புரட்சி என்றால் மக்கள் பொங்கி எழுந்தார்கள், மன்னன் வீழ்ந்தான் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவது நமக்குப் பழக்கம். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் விஷயமே இருக்கிறது. மக்கள் பொங்கி எழாத நாடு கிடையாது. பசி, விலைவாசி, லஞ்சம், அடக்குமுறை எல்லாம் பல நாடுகளில் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. கூட்டம் தெருவுக்கு வரும், சிலர் சாவார்கள், கூட்டம் கலையும், அரசு அப்படியே இருக்கும். எப்போதோ ஒருமுறைதான் அரசு விழுகிறது. பெரும்பாலும் அப்படி விழுவது, துப்பாக்கி வைத்திருப்பவன் உத்தரவைக் கேட்க மறுக்கும் நாளில்தான்.

இதே ரஷ்யாவில், இதே ஜார் ஆட்சியில், 12 ஆண்டுகளுக்கு முன்பும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்தது. 1905 ஜனவரி 9 அன்று, கபோன் என்ற பாதிரியார் தலைமையில் தொழிலாளர்கள் குடும்பத்தோடு குளிர்கால அரண்மனையை நோக்கி நடந்தார்கள். கையில் ஜாரின் படம், தேவாலயக் கொடிகள், ஒரு மனு. படை சுட்டது. அரசே ஒப்புக்கொண்ட கணக்கில் நூறு பேருக்கு மேல் செத்தார்கள். அந்த ஆண்டு முழுக்க நாடு கொதித்தது. ஜப்பானோடு நடந்த போரில் சுஷிமாவில் ஒரு கடற்படையே மூழ்கியது. பொட்டெம்கின் போர்க்கப்பலில் மாலுமிகள் கலகம் செய்தார்கள். அக்டோபரில் நாடு தழுவிய வேலைநிறுத்தம். கோபத்தின் அளவை வைத்துப் பார்த்தால் 1905 எந்த விதத்திலும் 1917க்குக் குறைந்ததல்ல.

ஆனாலும் ஜார் தப்பினார். ஜப்பானோடு சமாதானம் செய்துகொண்டு படையை ஊருக்குக் கொண்டுவந்தார். நாடாளுமன்றம் தருகிறேன் என்று அறிக்கை விட்டதும், எதிரணியில் படித்த நடுத்தர வர்க்கத்தில் பாதிப்பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மிச்சமிருந்தவர்களை டிசம்பரில் மாஸ்கோவில் பீரங்கி வைத்து அடக்கினார்கள். 1906இல் பிரான்ஸ் முன்னின்று 225 கோடி பிராங்க் கடன் கொடுத்தது. கையில் காசு, சொன்ன பேச்சைக் கேட்கும் படை, பிளவுபட்ட எதிரணி. இந்த மூன்றும் இருக்கிற அரசை வெறும் கோபம் சாய்ப்பதில்லை.

1917இல் இந்த மூன்றுமே போயிருந்தன. அவை எப்படிப் போயின என்பதை ரொட்டியிலிருந்து தொடங்கிச் சொல்வதுதான் சரி.

ரஷ்யாவில் தானியம் இல்லாமல் போய்விடவில்லை. முதல் உலகப் போருக்கு முன் உலகத்துக்கே கோதுமை ஏற்றுமதி செய்த நாடு அது. போர் வந்ததும் ஏற்றுமதித் துறைமுகங்கள் அடைபட்டுப் போனதால் தானியம் உள்நாட்டிலேயேதான் தங்கியது. ஊரில் கிடந்த தானியம் நகரத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான். ரயில்கள் போர்முனைக்கு ஆள்களையும் குண்டுகளையும் ஏற்றிக்கொண்டு ஓடின. பழுதான எஞ்சினைப் பார்க்க ஆளில்லை. அந்த ஆண்டுக் குளிரில் கொதிகலன்கள் வெடித்து எஞ்சின்கள் வழியில் நின்றன. இன்னொரு பக்கம், விவசாயிக்கும் விற்பதற்கு ஒரு காரணமும் இல்லை. தானியத்தைக் கொடுத்தால் காகிதப் பணம் வரும். அந்தப் பணத்தைக் கொண்டு போனால் கடையில் ஆணி இல்லை, துணி இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. ஆலைகள் எல்லாம் குண்டு செய்துகொண்டிருந்தன. அரசோ தானியத்துக்கு மட்டும் விலை உச்சவரம்பு போட்டிருந்தது. விவசாயி கணக்குப் பார்த்தான். மாட்டுக்கும் பன்றிக்கும் போட்டான், மிச்சத்தைப் பதுக்கினான்.

பணம் ஏன் வெறும் காகிதமாகிப்போனது என்பதில் ஒரு சுவாரஸ்யமான உபகதை உண்டு. போர் தொடங்கிய 1914இல், தேசபக்தி வேகத்தில் ஜார் வோட்காவைத் தடை செய்தார். வோட்கா விற்பனை அரசின் ஏகபோகம். கஜானாவுக்கு வரும் வருமானத்தில் ஏறத்தாழ கால் பங்கு அதிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. மதுக்கடைக்கும் அரசு கஜானாவுக்கும் உள்ள உறவை நமக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. அதுவரையிலான வரலாற்றின் மிகச் செலவான போரை நடத்தப் புறப்பட்டவர், புறப்படும்போதே வருமானத்தில் கால் பங்கைத் தள்ளிவிட்டார். பிறகு நோட்டு அச்சடிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பெத்ரோகிராடில் பெண்கள் நள்ளிரவில் எழுந்து ரொட்டிக் கடை வாசலில் நின்றார்கள். அந்த வரிசைக்கு ரஷ்யர்கள் வைத்த பெயர் 'க்வோஸ்த்', அதாவது வால். பகலெல்லாம் பஞ்சாலையில் நின்றுவிட்டு, இரவெல்லாம் வாலில் நிற்பது. கணவன் போர்முனையில். காலையில் கடை திறந்து பாதி வரிசைக்குள் ரொட்டி தீர்ந்துவிடும். முன்பின் தெரியாத நூறு பெண்கள், பேசுவதற்கு நேரமும் பேசுவதற்கு ஒரே விஷயமுமாக, தினம் தினம் ஒரே இடத்தில். எந்தக் கட்சியாலும் கூட்ட முடியாத கூட்டத்தை அரசே கூட்டி நிறுத்தி வைத்திருந்தது. ஜாரின் ரகசிய போலீஸ் இதைக் கவனிக்காமல் இல்லை. குழந்தைகள் பட்டினி கிடக்க வரிசையில் நிற்கும் இந்தத் தாய்மார்கள், நாடாளுமன்றத்தில் சவடால் பேசும் எதிர்க்கட்சித் தலைவர்களைவிட ஆபத்தானவர்கள் என்று 1917 தொடக்கத்திலேயே அறிக்கை கொடுத்திருந்தது. ஆட்சிகள் பல நேரங்களில் தகவல் இல்லாமல் விழுவதில்லை. தகவல் மேசைமேல் கிடக்கும், படிப்பவன்தான் இருக்கமாட்டான்.

பிப்ரவரி 23, வியாழக்கிழமை. ரஷ்யா அப்போது 13 நாள் பின்தங்கிய பழைய நாட்காட்டியில் இருந்ததால், மற்ற உலகத்துக்கு அது மார்ச் 8, பெண்கள் தினம். வைபோர்க் பகுதிப் பஞ்சாலைப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுத் தெருவுக்கு வந்தார்கள். அக்கம்பக்கத்து ஆலைகளின் வாசலில் போய் நின்று ஆண்களை வெளியே கூப்பிட்டார்கள். இன்று வேலைநிறுத்தம் வேண்டாம், நேரம் வரவில்லை என்று லெனினின் கட்சியான போல்ஷெவிக் கட்சியின் அந்தப் பகுதித் தொழிலாளர் தலைவர் ஒருவர் முந்தின நாள்தான் அவர்களிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். சொன்னதைக் கேட்கவில்லை என்று அவருக்கு ஏகக் கோபம். புரட்சிக் கட்சிகளின் தலைவர்கள் யாரும் ஊரிலேயே இல்லை. லெனின் சூரிச்சில், டிராட்ஸ்கி நியூயார்க்கில், ஸ்டாலின் சைபீரியாவில். அதே ஆண்டு ஜனவரியில் சூரிச்சில் இளைஞர்களிடம் பேசிய லெனின், வரப்போகும் புரட்சியின் முடிவான போராட்டங்களைப் பார்க்க என் வயதுக்காரர்கள் ஒருவேளை உயிரோடு இருக்கமாட்டோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

தொழிலாளர் பகுதிகளிலிருந்து நகர மையத்துக்குப் போக நெவா ஆற்றின் பாலங்களைத் தாண்ட வேண்டும். போலீஸ் பாலங்களை மறித்தது. ஆறு உறைந்து கிடந்தது. கூட்டம் பாலத்தை விட்டு இறங்கிப் பனிக்கட்டியின் மேல் நடந்து மறுகரைக்குப் போனது.

ஜார் நிக்கோலாஸ் அப்போது ஊரில் இல்லை. 1915இல் படைத்தலைமையைத் தானே எடுத்துக்கொண்டு, சுமார் 700 கிலோமீட்டர் தள்ளி மொகிலேவில் இருந்தார். இது அவர் செய்த தவறுகளிலேயே பெரிய தவறு என்று எனக்குத் தோன்றும். அதுவரை தோல்விக்கு யாராவது ஒரு ஜெனரல் பொறுப்பு. அதன்பிறகு ஒவ்வொரு தோல்விக்கும் ஜாரே பொறுப்பு. தலைநகரில் அரசி அலெக்ஸாந்திராவும், 1916 டிசம்பரில் கொலையாகும்வரை அரசியின் நம்பிக்கைக்குரிய சாமியார் ரஸ்புடினும் அமைச்சர்களை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். இது போக்கிரிகளின் வேலை, ரொட்டி இல்லை என்று பையன்கள் கத்திக்கொண்டு ஓடுகிறார்கள், குளிர் அதிகமாக இருந்தால் வீட்டிலேயே கிடந்திருப்பார்கள் என்று பிப்ரவரி 25 அன்று அரசி கணவருக்கு எழுதினார். வானிலை பற்றி மட்டும் அவர் சொன்னது சரி. கடுங்குளிர் அந்த வாரம்தான் சற்று விட்டிருந்தது.

அன்று இரவே, நாளைக்குள் தலைநகரில் கலவரத்தை நிறுத்து என்று ஜெனரல் கபாலோவுக்கு ஜாரின் தந்தி வந்தது. நிறுத்து என்றால் சுடு என்று அர்த்தம். நகரத்தில் இருந்த படை ஒன்றரை லட்சத்துக்கும் மேல். காகிதத்தில் பார்த்தால் எந்தக் கூட்டத்தையும் நசுக்கிவிடலாம். அந்த ஒன்றரை லட்சம் பேர் யார் என்று ஜார் கேட்கவில்லை. 1905இல் அவரைக் காப்பாற்றிய பழைய சிப்பாய்களும் பரம்பரை அதிகாரிகளும் 1914-16 போர்க்களங்களில் புதைந்து போயிருந்தார்கள். இப்போது இருந்தவர்கள், 20 ஆயிரம் பேருக்குக் கட்டிய முகாம்களில் திணித்து அடைக்கப்பட்ட புதுப் பிடிப்பு: கிராமத்துப் பையன்கள், குடும்பஸ்தர்கள், வேலைநிறுத்தம் செய்ததற்குத் தண்டனையாகப் படையில் சேர்க்கப்பட்ட ஆலைத் தொழிலாளர்கள். அடுத்து போர்முனைக்குப் போகப் போகிறவர்கள். முகாமின் ஜன்னலைத் திறந்தால் ரொட்டி வரிசை தெரியும். அதில் நின்றவர்கள் அவர்களுடைய அக்கா தங்கைகள்.

மேலே இருந்தவர்களும் மறுத்தார்கள் என்பதைப் பலர் சொல்வதில்லை. ஊருக்குத் திரும்பக் கிளம்பிய ஜாரின் ரயில் வழியில் திசை திருப்பப்பட்டு பிஸ்கோவில் போய் நின்றது. தலைமை ஜெனரல் அலெக்ஸேயேவ் எல்லாப் போர்முனைத் தளபதிகளுக்கும் தந்தி கொடுத்து அபிப்பிராயம் கேட்டார். ஜார் விலகுவதே நல்லது என்று பதில்கள் வந்தன. அவர்களுக்குப் புரட்சியில் ஆசை இல்லை. போர் நின்றுவிடக் கூடாது என்ற கவலைதான். மார்ச் 2 அன்று ஜார் கையெழுத்துப் போட்டார். தம்பி மிகயிலுக்குக் கொடுத்த கிரீடத்தை அவர் மறுநாளே வேண்டாம் என்றுவிட்டார். சிப்பாய் கீழேயிருந்து கைவிட்டான், ஜெனரல் மேலேயிருந்து கைவிட்டான். நடுவில் இருந்த மனிதரிடம் ஒரு ரயில் பெட்டி மட்டும்தான் மிச்சம்.

இந்தப் பாடத்தை உலகத்தில் மற்ற ஆட்சியாளர்கள் படிக்காமல் விடவில்லை. 1989இல் பெய்ஜிங்கில் மாணவர்கள் தியானன்மென் சதுக்கத்தை நிரப்பியபோது, பக்கத்தில் பாவோடிங்கில் இருந்த 38ஆம் படையின் தளபதி சூ சின்சியான் கூட்டத்தின்மேல் படையை ஏவ மறுத்தார். அவர் சிறைக்குப் போனார். கட்சித் தலைமை தொலைதூர மாகாணங்களிலிருந்தும் படைகளை வரவழைத்து, ஊருக்கு வெளியே நாள்கணக்கில் நிறுத்திவைத்து, ஜூன் 3 இரவு உள்ளே அனுப்பியது. அவர்கள் சுட்டார்கள். ஊரைத் தெரியாதவனைக் கொண்டுவந்து நிறுத்தினால் அவனுக்கு அந்த ஊர்ப் பெண் அக்காவாகத் தெரியமாட்டாள்.

இலங்கையில் 2022 ஜூலை 9 அன்று நடந்ததையும் இந்தக் கோணத்தில் பார்க்கலாம். அங்கே ரொட்டிக்குப் பதில் பெட்ரோல், சமையல் எரிவாயு, பால்மா வரிசை. 2021இல் ஒரே அறிவிப்பில் ரசாயன உரத்தைத் தடை செய்தது, அதற்கு முன்பே வரிகளைக் குறைத்தது, டாலர் கையிருப்பு காலியானது என்று காரணங்கள் அடுக்கடுக்காக இருந்தன. கூட்டம் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தபோது, படை அதைப் பிணக்காடாக்கவில்லை. ஜனாதிபதி கோட்டாபய 13ஆம் தேதி விமானமேறினார். வடக்கு கிழக்கில் பல தமிழர்கள் அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்த விதம் வேறு. கொழும்பில் துப்பாக்கியைத் தாழ்த்தியது, 2009இல் முள்ளிவாய்க்காலில் அவர்கள் கண்ட அதே ராணுவம். சிப்பாய் யாரைத் தன் ஆள் என்று நினைக்கிறான் என்பதுதான் கேள்வி. அதற்கான பதில் ஒரே நாட்டுக்குள்ளேயே இடத்துக்கு இடம் மாறும்.

சரி, ஆட்சி விழுந்தது. அடுத்து?

இங்கேதான் புரட்சியைப் பற்றிய இரண்டாவது தப்புக் கணக்கு வருகிறது. யார் ஆட்சியை வீழ்த்தினார்களோ அவர்கள்தான் அடுத்து ஆள்வார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. கீழ்ப்படிதல் என்ற சங்கிலி அறுந்து கிடக்கிறது. அதை முதலில் எடுத்து முடிச்சுப் போடத் தெரிந்தவன் யாரோ அவனுக்கு நாடு.

பெத்ரோகிராடில் தாவ்ரீடா அரண்மனை என்று ஒன்று உண்டு. ஜார் விழுந்த வாரத்தில் அதன் ஒரு பக்கத்தில் நாடாளுமன்றக்காரர்கள் இடைக்கால அரசை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். மறுபக்கத்தில் தொழிலாளர்களும் சிப்பாய்களும் தங்கள் பிரதிநிதிகளின் மன்றமான சோவியத்தைக் கூட்டினார்கள். மார்ச் 1 அன்று சோவியத் தன் முதல் ஆணையை வெளியிட்டது: படைப்பிரிவுகள் கமிட்டிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஆயுதம் கமிட்டியின் கையில் இருக்க வேண்டும், அதிகாரிகளிடம் கொடுக்கக் கூடாது. ஒரு தாளில் அச்சடித்த இந்த ஆணையோடு இடைக்கால அரசின் கதை முடிந்தது என்றே சொல்லலாம். சோவியத் அனுமதிக்கிற வரைதான் நாம் இருக்கிறோம், நம்மிடம் உண்மையான அதிகாரம் இல்லை என்று போர் அமைச்சர் குச்கோவ் அந்த மாதமே தலைமை ஜெனரலுக்கு எழுதினார்.

அந்த அரசில் நல்லவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். மரண தண்டனையை ஒழித்தார்கள், பத்திரிகைச் சுதந்திரம் கொடுத்தார்கள், பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தார்கள். ஆனால் சிப்பாய் கேட்டது சமாதானம், விவசாயி கேட்டது நிலம். இரண்டையும் தேர்தலுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அதோடு நிற்காமல் ஜூன் மாதம் போர்முனையில் ஒரு புதுத் தாக்குதலைத் தொடங்கினார்கள். அது நொறுங்கியது. ஊரில் நிலம் பங்கு போடுகிறார்கள் என்று கேள்விப்பட்ட சிப்பாய், தன் பங்கை வாங்க வேண்டாமா? துப்பாக்கியோடு ரயிலேறினான். பிப்ரவரியில் சுமார் 24 ஆயிரம் பேர் மட்டுமே இருந்த போல்ஷெவிக் கட்சி இலையுதிர்காலத்துக்குள் பல மடங்கு பெருத்தது. 'சமாதானம், நிலம், ரொட்டி' என்ற மூன்று சொல்லைத் தள்ளிப்போடாமல் சொன்னது அந்தக் கட்சிதான். அக்டோபரில் அவர்கள் ஆட்சியைப் பிடித்தபோது பெத்ரோகிராடில் பிப்ரவரி அளவுக்கு ரத்தம் சிந்தவில்லை. இடைக்கால அரசைக் காப்பாற்ற வந்த ஆள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

தேர்தல் நடந்தது. நவம்பரில் நடந்த அந்த வாக்கெடுப்பில் போல்ஷெவிக்குகளுக்குக் கிடைத்தது நான்கில் ஒரு பங்கு வாக்கு. விவசாயிகளின் கட்சியான சோஷலிஸ்ட் புரட்சியாளர்களுக்கு அதைவிட அதிகம். 1918 ஜனவரி 5 அன்று அரசியல் நிர்ணய சபை கூடியது. விடியற்காலை நாலரை மணிவாக்கில் ஷெலெஸ்னியாகோவ் என்ற மாலுமி சபைத் தலைவர் செர்னோவின் பக்கத்தில் போய், காவலர்கள் களைத்துவிட்டார்கள், எல்லோரும் கிளம்புங்கள் என்றார். கிளம்பினார்கள். மறுநாள் கதவு பூட்டியிருந்தது. ரஷ்யாவின் அந்த முதல் ஜனநாயக சபை ஒரே ஒரு நாள் இருந்தது.

ஈரானிலும் இதே வடிவம்தான், வேறு உடையில். 1978 செப்டம்பர் 8 அன்று மன்னர் ஷாவின் படை ஜாலே சதுக்கத்தில் சுட்டது. எண்ணெய்த் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். 1979 ஜனவரி 16இல் ஷா நாட்டைவிட்டுப் போனார். விமானப்படைத் தொழில்நுட்பப் பிரிவினர் கலகம் செய்தபின், பிப்ரவரி 11 அன்று ராணுவம் நடுநிலை என்று அறிவித்தது. அன்றே ஆட்சி முடிந்தது. தெருவில் நின்றவர்களில் இடதுசாரிகள், தாராளவாதிகள், மாணவர்கள், கடைத்தெரு வியாபாரிகள், முக்காடு போட்ட பெண்கள், போடாத பெண்கள் எல்லோரும் இருந்தார்கள். ஆனால் ஊர்தோறும் கட்டடம், பண வசூல், பேச்சாளர், ஆள்பலம் எல்லாம் தயாராக வைத்திருந்தவர்கள் மசூதிக்காரர்கள் மட்டுமே. வெற்றி கிடைத்து நான்கு வாரம்கூட ஆகவில்லை, வேலைக்கு வரும் பெண்கள் தலையை மூட வேண்டும் என்ற பேச்சு வந்தது. மார்ச் 8 அன்று, பெத்ரோகிராடுப் பெண்கள் தெருவுக்கு வந்த அதே தேதியில், தெஹ்ரான் பெண்கள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். ஷாவை விரட்ட இவர்களும் ஊர்வலம் போனவர்கள்தான். கொஞ்ச காலம் அரசு பின்வாங்குவதுபோல் காட்டியது. 1980இல் இராக் படையெடுத்ததும், போர் நேரத்தில் இதெல்லாம் ஒரு பிரச்சினையா என்றாகிவிட்டது. வெளியிலிருந்து வரும் போர் புரட்சி அரசைப் பலவீனப்படுத்தும் என்று எதிரி நினைக்கிறான். பிரான்ஸ் தொடங்கி ஈரான் வரை அது புரட்சி அரசைக் கெட்டிப்படுத்தித்தான் இருக்கிறது.

புரட்சியால் நன்மையே இல்லையா என்றால், அப்படிச் சொல்வது அபாண்டம். ரஷ்ய விவசாயி ஜமீன் நிலத்தைப் பங்கிட்டுக்கொண்டான். எழுத்தறிவு பரவியது. விசித்திரம் என்னவென்றால், நன்மையில் பெரிய பங்கு புரட்சி நடக்காத நாடுகளுக்குப் போனது. ரஷ்யாவைப் பார்த்துப் பயந்த ஐரோப்பிய அரசுகள் 1919இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பை உருவாக்கின; அதன் முதல் உடன்படிக்கையே 8 மணி நேர வேலை பற்றியது. பக்கத்து வீட்டில் தீப்பிடித்ததைப் பார்த்துவிட்டு, தன் வீட்டுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டார்கள்.

ஆனால் ரொட்டி? அந்தக் கேள்வியில்தான் எல்லாம் தொடங்கியது.

விவசாயியிடம் கட்டாயக் கொள்முதல் செய்யும் திட்டத்தை 1916 கடைசியில் முதலில் கொண்டுவந்தது ஜாரின் அமைச்சர் ரிட்டிக். இடைக்கால அரசு 1917 மார்ச்சில் தானியம் முழுவதும் அரசின் ஏகபோகம் என்றது. போல்ஷெவிக்குகள் அதே திட்டத்தைத் துப்பாக்கி கொடுத்து ஆள் அனுப்பி நடத்தினார்கள். மூன்று அரசுகள், மூன்று கொடிகள், நகரத்துக்கு ரொட்டி வேண்டும் என்ற அதே ஒரு நெருக்கடி. விவசாயி மூன்று பேருக்கும் ஒரே பதிலைத்தான் கொடுத்தான்: விதைப்பைக் குறைத்தான். உள்நாட்டுப் போரும் டைபஸ் காய்ச்சலும் சேர்ந்துகொண்டன. 1917இல் 20 லட்சத்துக்கும் மேல் இருந்த பெத்ரோகிராடின் மக்கள்தொகை 1920இல் சுமார் 7 லட்சம். சாகாதவர்கள் சாப்பாடு தேடிக் கிராமத்துக்குப் போய்விட்டார்கள்.

அந்தச் சார்ஜன்ட் கிர்ப்பிச்னிகோவ் என்ன ஆனார்? முதலில் அவருக்குப் பதவி உயர்வும் புனித ஜார்ஜ் சிலுவைப் பதக்கமும் கிடைத்தன. அணிவித்தவர் ஜெனரல் கோர்னிலோவ். அக்டோபருக்குப் பிறகு போல்ஷெவிக்குகளைப் பிடிக்காமல், தெற்கே டான் பகுதியில் திரண்டுகொண்டிருந்த எதிர்ப்படையில் சேரப் போனார். அங்கே அவர் போய்ச் சிக்கியது கூத்தெபோவ் என்ற அதிகாரியிடம். 1917 பிப்ரவரி 27 அன்று பெத்ரோகிராடில் கலகத்தை அடக்கும்படி அனுப்பப்பட்டுத் தோற்றவர் அவர். கிர்ப்பிச்னிகோவ் யார் என்று தெரிந்ததும் சுட உத்தரவிட்டார்.

1921 ஜனவரியில் பெத்ரோகிராடின் ரொட்டிப் பங்கீடு மூன்றில் ஒரு பங்கு குறைக்கப்பட்டது. பிப்ரவரியில் ஆலைகள் நின்றன. அதே நகரம், அதே மாதம், நான்கே ஆண்டுகள். அரசு ராணுவச் சட்டம் போட்டது. நகரத்துக்கு எதிரே, ஃபின்லாந்து வளைகுடாவில் இருக்கும் குரோன்ஷ்டாட் தீவுக்கோட்டையின் மாலுமிகள் தொழிலாளர்களுக்கு ஆதரவாகத் தீர்மானம் போட்டார்கள்: சோவியத்துகளுக்கு ரகசிய வாக்கெடுப்பில் மறுதேர்தல், பேச்சுச் சுதந்திரம், விவசாயிக்குத் தன் நிலத்தில் உரிமை. புரட்சியின் பெருமை என்று 1917இல் டிராட்ஸ்கி புகழ்ந்தது இந்தக் கோட்டையின் மாலுமிகளைத்தான்.

கடல் உறைந்திருந்தது. பனி உருகிவிட்டால் கோட்டையிலிருக்கும் போர்க்கப்பல்கள் நகரத் தொடங்கிவிடும் என்று அரசுக்கு அவசரம். துகாச்செவ்ஸ்கி தலைமையில் செம்படை வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு பனிக்கட்டியின் மேல் நடந்தது. சுட மாட்டோம், போக மாட்டோம் என்ற சிப்பாய்கள் இந்தப் படையிலும் இருந்தார்கள். ஆனால் இந்த முறை அவர்களின் ஆயுதம் பறிக்கப்பட்டது, சிலர் சுடப்பட்டார்கள். முன்னே போகிறவர்களின் பின்னால் இயந்திரத் துப்பாக்கிகள் நிறுத்தப்பட்டிருந்தன. கோட்டையின் பீரங்கிக் குண்டு விழுந்து பனிக்கட்டி உடைந்த இடங்களில் ஆள்கள் கூட்டமாக மூழ்கினார்கள். மார்ச் 18 அன்று கோட்டை விழுந்தது. தானியப் பறிமுதலை நிறுத்தி, அதற்குப் பதில் வரி என்ற தீர்மானத்தை மூன்று நாள் முன்புதான் மாஸ்கோவில் கட்சி மாநாடு நிறைவேற்றியிருந்தது. கேட்டதில் ரொட்டிப் பாதியைக் கொடுத்துவிட்டார்கள். தேர்தல் பாதியைக் கேட்டவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு மரண தண்டனை.

அந்த மாதக் கடைசியில் ஃபின்லாந்து அரசு சோவியத் தூதரிடம் ஒரு வேண்டுகோள் வைத்தது. வளைகுடாப் பனியின்மேல் கிடக்கும் பிணங்களை அப்புறப்படுத்துங்கள், பனி உருகினால் அவை எங்கள் கரையில் ஒதுங்கி நோய் பரவும் என்று.